சுவரில் ஒட்டிய எழுத்து



பருத்தித்துறைச் சந்தைப் பக்கம் போகிறவர்கள் வழியில் உள்ள ஒரு மதிற்சுவரைக் கண்டிருப்பீர்கள். கோயில் திருவிழா, தனியார் வகுப்பு, மரண அறிவித்தல், நாடகம் என ஊரின் நடப்பு முழுவதும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பாடசாலை அறிவித்தல் ஒன்றும் அங்கே ஏறியது. சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்த கிழமை அது. உயர்தரத்துக்கு எந்தப் பிரிவைத் தெரிவது என்று பெற்றோருடன் பேசுவதற்காக ஒரு கூட்டத்தை ஒழுங்கு செய்திருந்தோம்.

அந்த அறிவித்தல் அலுவலகக் கணினியிலே, நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லச் செய்யப்பட்டது. உச்சியில் பாடசாலைச் சின்னம். அதன் கீழே தலைமை தாங்கும் அதிபராகிய என் பெயர், பட்டத்துடன், தடித்த சிவப்பெழுத்தில். அதன்பின் விருந்தினர் மூவரின் பெயர்கள். கூட்டம் எதற்கு, எந்த நாள், எத்தனை மணிக்கு என்பவையெல்லாம் அடியில், வெளிர்நீலத் தளத்தின்மேல் மஞ்சள் எழுத்தில். அச்சாகி வந்தபோது அழகாக இருக்கிறதென்று நானே மெச்சிக்கொண்டேன்.

கூட்டத்துக்கு அரைவாசிப் பெற்றோர்தாம் வந்தனர். வராதவர்களுள் ஒருவர் கடற்றொழிலாளி. விடியற்காலையில் மீனை விற்றுவிட்டு, அந்தச் சுவரைக் கடந்து மிதிவண்டியில் வீடு திரும்பியவர். பின்னர் அவரைக் கண்டு கேட்டபோது, “பெயர்களைக் கண்டனான் சேர், பரிசளிப்பு விழாவாக்கும் எண்டு போயிட்டன்” என்றார். அவருடைய மகள் தான் விரும்பிய பிரிவிலே மூன்று கிழமை பிந்தித்தான் சேர முடிந்தது. தவறிய பாடங்களைத் தோழியரின் கொப்பிகளைப் பார்த்து இரவிரவாக எழுதினாள். அந்த மனிதர் எழுத்தறியாதவரல்லர். அறிவித்தலிலேதான் கோளாறு இருந்தது.

ஆங்கிலத்தில் கிராபிக் டிசைன் என்று சொல்லப்படும் வரைகலை வடிவமைப்பைப் பற்றி நான் சிந்திக்கத் தொடங்கியது அதன் பின்னர்தான். நான் கலைப்பட்டதாரி, சித்திரம் பயின்றவனல்லன். ஆகவே இது கல்லாதார்க்குக் கல்லாதான் ஒருவன் சொல்லும் பேச்சு என்று கொள்க.

கணினியைத் திறக்குமுன் ஒரு வெற்றுக் கடதாசியிலே விடை எழுதிக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உள. இதை வாசிப்பவர் யார்? எவ்வளவு தூரத்தில் நின்று வாசிப்பார்? எத்தனை விநாடி இதன்முன் நிற்பார்? மிதிவண்டியிற் போகிறவர் மூன்று நான்கு விநாடிக்கு மேல் நமக்குத் தருவதில்லை. அந்த நேரத்துக்குள் அவர் மனத்திற் பதிய வேண்டியது எதுவோ அதுவே மிகப் பெரிய எழுத்தில் வரவேண்டும். மற்றவை படிப்படியாகச் சிறுத்து அதன்பின் நிற்கலாம். கலியாண வீட்டில் வந்தவர் எல்லாரையும் முதற்பந்தியில் இருத்த முடியுமா? எங்கள் அறிவித்தலில் முதற்பந்தியில் இருந்தவன் நான். வெளியில் நின்றது திகதி.

இனித் தமிழெழுத்துக்கே உரிய சில சங்கதிகளைச் சொல்லவேண்டும். ஆங்கிலப் பாடநூல்களைப் பார்த்து வடிவமைப்புப் பழகும் பிள்ளைகள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். ஆங்கிலத்திற் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என இருவகை உண்டு. ஒரு சொல்லை உயர்த்திக் காட்ட அது போதும். தமிழுக்கு அவ்வசதி இல்லை. அளவு, தடிப்பு, சுற்றியுள்ள வெற்றிடம் ஆகியவற்றாலேயே நாம் முதன்மையைக் காட்டவேண்டும். அன்றியும், இகர ஈகார விசிறிகள் மேலே எழும். உகர ஊகாரங்கள் கீழே இறங்கும். வரிகளை ஆங்கிலத்துக்குப் போல நெருக்கினால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். எழுத்துகளுக்கிடையே இடைவெளியை அகட்டினாலோ, ‘கோ’ என்னும் ஓரெழுத்து கொம்பு, ககரம், கால் என மூன்றாகச் சிதறி நிற்கும். சொல்லை மேலிருந்து கீழாக அடுக்கும்போதும் கொம்பைத் தனிவரியில் விட்டுவிடுகிறார்கள். இத்தகைய பெயர்ப்பலகைகள் நம் வீதிகளிலே இன்றும் உண்டு.

நம் சொற்கள் நீளமானவை என்பதும் நினைவிலிருக்கட்டும். மும்மொழிப் பலகைகளில் மூன்றுக்கும் சம இடம் ஒதுக்கிவிட்டுத் தமிழை மட்டும் பக்கவாட்டில் நசுக்கி அடைப்பதைக் காண்கிறோம். 1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பலகையில் அதற்கு உரிய அகலத்தைக் கொடுப்பது வடிவமைப்பவனின் கையில் இருக்கிறது.

வெற்றிடத்தை வீண் இடமென்று கருதுவதும் நம்மிடையே உள்ள ஒரு பழக்கம். கடதாசிக்குக் காசு கொடுத்தோமே, நிரப்பாமல் விடுவதா என்பது நம் எண்ணம். நம் முன்னோரோ ஒடுங்கிய பனையோலையிலும் துளையைச் சுற்றி இடம் விட்டே எழுதினார்கள். ஆயினும் ஏட்டிலே புள்ளி இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை; படித்தவரே தட்டித் தடவி வாசிக்கவேண்டும். வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர் (1822–1879), தம் உரைநடைப் பதிப்புகளிலே சந்தி பிரித்தும், நிறுத்தக் குறிகள் இட்டும், பத்தி வகுத்தும் அச்சிட்டார். பிள்ளைகளுக்கான பாலபாடத்தைப் புரட்டுகிறவர் கண்ணுக்கு இளைப்பாற இடம் கிடைக்கிறது. அதற்கும் முன்னே, 1841 இல் தொடங்கிய உதயதாரகை தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பத்திரிகையிற் கொண்டுவந்தது. பக்க அமைப்பு என்னும் கலை யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று.

நிறத்தைப் பற்றி நெடுகப் பேச நேரமில்லை. தளம் கறுத்தால் எழுத்து வெளுக்க, தளம் வெளுத்தால் எழுத்துக் கறுக்க. ஐயமிருந்தால் கறுப்பு வெள்ளையிற் பிரதியெடுத்துப் பாருங்கள். எழுத்து மறைந்தால் நிறத்தேர்வு பிழை.

நம் ஊரிலே பயிற்சியில்லாத இளைஞர் கையில் முதலில் வந்து சேரும் பெரும்பணி ‘கல்வெட்டு’. பிற இடத்து நேயர்களுக்காகச் சொல்கிறேன்: இறந்தவரின் நினைவாக 31ஆம் நாள் வெளியிடும் சிறுநூலை நாங்கள் அவ்வாறு அழைப்போம். அதிலே வாழ்க்கை வரலாறும் தேவாரமும் வமிசவழியும் இருக்கும். பலருடைய பெயர் அச்சில் வருவது அந்த ஒரு தடவைதான். அதற்கு வட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே பெருப்பித்து வைத்தால் முகம் மங்கிப் போகும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகளாவது வேண்டும். வீட்டு அல்பத்திலிருக்கும் பழைய படத்தை வாங்கி ஸ்கேன் செய்வதே நல்லது. பின்னணியில் சூரிய அஸ்தமனம், தாமரை, புறா என்று திணிக்கிறார்கள். ஓரத்தில் நிற்கிற மனிதர் யாரென்று தேடவேண்டியிருக்கிறது. வெட்டும்போது ஓரம் போகும் என்பதால், படத்தை விளிம்புக்கு வெளியே 3 மில்லிமீற்றர் நீட்டியும், எழுத்தை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளியும் வையுங்கள். வமிசவழியை மூத்தவர் ஒருவரைக் கொண்டு சரிபார்த்த பின்னரே அச்சுக்குக் கொடுங்கள். ஒரு மருமகளின் பெயர் விடுபட்டதனால் இரண்டு குடும்பங்கள் பேசாமலிருந்த கதையை நான் அறிவேன்.

கருவிகளுக்குக் குறைவில்லை. இங்க்ஸ்கேப், கிம்ப் போன்ற மென்பொருள்கள் இலவசம். நம் அச்சகங்களிலே பாமினி எழுத்துரு நெடுங்காலம் ஆட்சி செய்தது. ஆயின் அது இல்லாத கணினியிலே தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். யூனிகோட் எழுத்துருக்களைப் பழகிக்கொள்வதே நன்று. இலங்கையரான தாரிக் அஸீஸ் தமிழெழுத்து வரைந்த ‘பவனம்’ போன்றவை விலையின்றிக் கிடைக்கின்றன. ஓர் அறிவித்தலுக்கு இரண்டு எழுத்துரு தாராளம்.

அடுத்த ஆண்டு அதே கூட்டத்துக்கான அறிவித்தலை, பிந்திச் சேர்ந்த அந்த மாணவியிடமே ஒப்படைத்தேன். அவள் ‘உங்கள் பிள்ளைக்கு எந்தப் பிரிவு?’ என்ற கேள்வியைப் பெரிதாக இட்டு, கீழே நாளும் நேரமும் இடமும் மட்டும் எழுதினாள். ஒரு பிரதியை மதிலில் ஒட்டி, முப்பது அடி தள்ளி நின்று தகப்பனாரை வாசிக்கச் சொன்னாள். இரண்டு இடத்தில் எழுத்துப் பெருக்கவேண்டும் என்று அவர் சொல்ல, திருத்திக்கொண்டுபோய் அச்சிட்டோம்.

அம்முறை மண்டபத்தில் நாற்காலி போதாமல் வகுப்பறைகளிலிருந்து வாங்குகள் கொண்டுவந்து போட்டோம். கூட்டம் முடிந்து போகையில் முதியவர் ஒருவர் என் உதவி ஆசிரியரைத் தனியே அழைத்து, நோட்டீசிலே அதிபரின் பெயரைக் காணவில்லையே, மனிதர் மாற்றலாகிப் போய்விட்டாரா என்று விசாரித்தாராம்.