கடல் கடந்து மருத்துவமனை பார்த்தல்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மருத்துவக் கல்வியை நாடும் மாணவர்கள் வெளிநாட்டு மருத்துவமனையொன்றில் இரண்டு மூன்று வாரம் தங்கி, மருத்துவரின் நிழல்போல் உடன் நின்று பார்க்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதன் விளம்பரங்கள் இப்பொழுது நமது காலனி வீடுகளுக்கும் வந்து சேர்கின்றன. கட்டணமும் விமானச் செலவும் சேர்ந்தால் லட்சங்களைத் தொடும். நமது பாஸோ கடல் தாண்டாது. சேமநிதியில் கைவைக்கலாமா என்று சில குடும்பங்கள் ஆலோசிப்பதை நாம் அறிவோம். ஆகவேதான் இப்பேச்சு.

அமெரிக்காவில் நான்காண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்த பின்னரே பெரும்பாலோர் மருத்துவக் கல்லூரியில் சேர இயலும். அப்பொழுது, விண்ணப்பிப்பவர் இத்தொழிலை நேரில் கண்டறிந்தவர்தானா என்றும் பார்க்கின்றனர். பிரிட்டனிலும் நேர்முகத்தில் இக்கேள்வி எழும். அதன் பொருட்டே அந்நாட்டு மாணவர் சிலர் தான்சானியா முதலிய இடங்களுக்குச் செல்கின்றனர். நம் நாட்டிலோ எம்.பி.பி.எஸ். இடம் நீட் தேர்வின் தரவரிசைப்படி கிடைப்பது. அயல்நாட்டுச் சான்றிதழ் அதில் அரை மதிப்பெண்ணும் கூட்டாது.

மற்றொன்றும் உண்டு. ஏழை நாடுகளில், பயிற்சியற்ற மாணவர்கள் காயத்துக்குத் தையலிடவும் பிரசவம் பார்க்கவும் துணிந்தனர். இது தகாதென்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011இல் நெறிமுறைகள் வெளியிட்டது. நோயாளி ஏழையாயினும் அவர் உடல் பிறர் பழகுவதற்குரிய பொருளன்று. கையால் செய்து பழகலாம் என ஆசை காட்டும் விளம்பரத்தை நாம் குப்பையில் இடுவதே முறை.

எனினும், பார்ப்பது வீண் என்று கூறமாட்டோம். புதிய பிரிவில் வண்டி ஓட்டுமுன் டிரைவர் ரோடு லேர்னிங் செல்கிறார். சிக்னல் எங்கே, ஏற்றம் எங்கே என்று கண்டு, வழி தெரியும் எனக் கையொப்பமிட்ட பின்னரே வண்டி அவர் கைக்கு வரும். ஐந்தரை ஆண்டு நீளும் படிப்பில் பிள்ளையை இறக்குமுன் வழியைக் காட்ட வேண்டாமா? ரத்தம் கண்டு மயங்கி விழும் பிள்ளையும் பின்னாளில் நல்ல மருத்துவராகலாம், அதில் வெட்கமில்லை. ஆனால் இரவு முழுதும் கால்கடுக்க நிற்கும் செவிலியரையும், பரிசோதனைக் கூடத்தில் தலைநிமிராது உழைப்பவரையும் கண்ட பின் சிலரது விருப்பமே மாறக்கூடும்.

இதற்கு ரயில்வே மருத்துவமனை போதாதா? இந்தியாவின் முதல் இதய பைபாஸ் சிகிச்சையை 1975இல் டாக்டர் கே. எம். செரியன் நடத்தியது பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான். நம் ஊர் மருத்துவமனை அத்தனை பெரிதன்று. ஆயினும் வார்டு, மருந்தகம், எக்ஸ்ரே அறை எல்லாம் இருக்கின்றன. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் நான்கு நான்கு பேராக அனுமதிக்குமாறு தலைமை மருத்துவ அதிகாரிக்குச் சங்கத்தின் சார்பில் விண்ணப்பம் எழுதியுள்ளோம். விருப்பமுள்ள பெற்றோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். நோயாளி சம்மதித்தால் மட்டுமே படுக்கையருகே நிற்கலாம். கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும்.