எந்த ஆடல் விளையாட்டை வாங்குவது?

தொலைக்காட்சித் திரையைப் பார்த்து ஆடும் விளையாட்டுகள் இப்பொழுது பல வீடுகளில் புகுந்துவிட்டன. வீடியோ விளையாட்டு என்றவுடன், நாற்காலியில் சாய்ந்தபடி கட்டைவிரல்களை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும் ஒருவருடைய உருவந்தான் நம் மனக்கண்முன் தோன்றும். நான் கூறப்போகும் விளையாட்டுகள் அத்தகையன அல்ல. இவற்றை ஆட எழுந்து நிற்க வேண்டும்; குதிக்க வேண்டும்; வியர்வை சிந்த வேண்டும். இவற்றுள் எதை வாங்கலாம் என்று மாணவ நண்பர்கள் சிலர் என்னைக் கேட்டதுண்டு. எதில் படம் அழகாக இருக்கிறது, எதில் பாட்டுகள் மிகுதி என்றே அவர்கள் பெரும்பாலும் விசாரிக்கிறார்கள். நானோ வேறொரு கேள்வியைத் திருப்பிக் கேட்பது வழக்கம். ஆடுகிறவருக்கு மதிப்பெண் போடுகிறதே அந்தப் பொறி, அது அவருடைய உடலில் எதைப் பார்க்கிறது? இதைத் தெரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்தாற்போலத்தான். பொறி எதைப் பார்க்கிறதோ அதைத்தான் நாம் விடாமல் பழகுவோம். அது பாராததை நாமும் நாளடைவில் விட்டுவிடுவோம்.

காலை மட்டும் பார்க்கும் விளையாட்டிலிருந்து தொடங்குகிறேன். 1998ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் கொனாமி என்னும் நிறுவனம் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' என்ற பொறியை விளையாட்டுக் கூடங்களில் நிறுத்தியது. காசு போட்டு ஆடும் பெரிய பொறி அது. எதிரே ஒரு திரை; காலடியில் உலோகத்தாலான மேடை; பிடித்துக்கொள்ளப் பின்புறம் ஒரு கம்பி. மேடையில் முன், பின், இடம், வலம் என்று நான்கு திசைகளிலும் அம்புக்குறி இட்ட நான்கு கட்டங்கள் உண்டு. பாட்டு தொடங்கியதும் திரையின் அடியிலிருந்து அம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறி வரும். மேலே அசையாமல் நிற்கும் நான்கு அம்புகளோடு அவை பொருந்துகின்ற அந்தக் கணத்தில், அதற்குரிய கட்டத்தை மிதித்துவிட வேண்டும். முந்தினாலும் குறை, பிந்தினாலும் குறை. இரண்டு அம்புகள் ஒருங்கே வந்தால் குதித்து இரண்டு கால்களாலும் மிதிக்க வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு.

கேட்பதற்கு இது மிக எளிது. ஆனால் அம்புகள் தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் வந்தது போய், அரைத் தட்டுக்கும் கால் தட்டுக்கும் வரத் தொடங்கினால் கால் தடுமாறுகிறது. 2008இல் வெளிவந்த பதிப்பிலிருந்து பாட்டுகளின் கடினத்தை 1 முதல் 20 வரை எண்ணிட்டுப் பிரித்திருக்கிறார்கள். முதல் படியில் நிற்கும் பாட்டைச் சிறு குழந்தையும் ஆடிவிடும். கடைசிப் படிகளில் இருப்பவற்றை ஆடுவோரைப் பார்த்தால், கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, இடுப்புக்கு மேலே ஏறக்குறைய அசைவே இன்றி, கால்களை மட்டும் தையற்பொறியின் ஊசிபோல இயக்குவதைக் காணலாம். அது நடனமா என்று கேட்டால், நான் இல்லை என்றே சொல்வேன். ஆனால் அது தாளப் பயிற்சி, அதில் ஐயமில்லை. கையை எப்படி வைத்துக்கொண்டாலும், முகத்தை எப்படிச் சுளித்தாலும் பொறிக்குக் கவலை கிடையாது. கால் காலத்தில் விழுந்ததா என்ற ஒன்றையே அது கேட்கிறது. அந்த ஒன்றில் தயவு காட்டுவதும் இல்லை.

இந்தக் கண்டிப்பிலேயே ஒரு நன்மையும் பிறந்தது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா என்ற மாநிலம் உண்டு. அங்கே குழந்தைகளின் உடற்பருமன் பெரிய கவலையாக இருந்தது. 2006ஆம் ஆண்டில் அம்மாநிலத்தார், தங்கள் அரசுப் பள்ளிகள் 765இலும் இந்த விளையாட்டை வைக்கப்போவதாக அறிவித்தார்கள். உடற்பயிற்சி வகுப்பில் பந்தைப் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு நேர்வது என்ன என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அணி பிரிக்கும்போது கடைசியில் அழைக்கப்படுகிறவனும், ஓடும்போது பிறர் சிரிக்கக் கேட்கிறவனும் அவனே. அம்புக்குறியை மிதிக்கும் ஆட்டத்தில் அவனை அணியில் சேர்க்க எவரும் தயங்க வேண்டியதில்லை. நேற்றைய தன் எண்ணிக்கையோடு இன்றைய எண்ணிக்கையை ஒப்பிட்டுக்கொண்டு அவன் ஆடலாம். விளையாட்டு மைதானத்தை வெறுத்த பிள்ளையும் வியர்க்க விரும்பும் ஆட்டம் ஒன்று கிடைத்தது சிறிய செய்தி அன்று.

கூடத்தில் நின்ற பொறி 1999இல் வீட்டுக்கு வந்தது. பிளேஸ்டேஷன் என்னும் விளையாட்டுப் பெட்டியில் இணைத்து ஆடுமாறு, உலோக மேடைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைத் தந்தார்கள். வாங்க நினைப்போர் கவனிக்க வேண்டியது இந்த விரிப்பைத்தான். அதன் உள்ளே மின்சாரம் பாயக்கூடிய இரண்டு மெல்லிய ஏடுகள் இடைவெளி விட்டு அமைந்துள்ளன. கால் பட்டால் மேலேடு கீழேட்டைத் தொடும். அதுவே செய்தியாகப் பெட்டிக்குச் செல்லும். ஆகையால் இதன்மீது காலணியுடன் ஏறலாகாது. மடித்து மடித்து வைத்தாலும் உள்ளேடு பழுதாகும். நம் வீடுகளின் மொசைக் தரையிலும் வழவழப்பான ஓட்டுத் தரையிலும் மெல்லிய விரிப்பு நிற்காது. நான்காவது பாட்டுக்குள் அது அறையின் மூலைக்குப் போயிருக்கும். ஆடுகிறவரும் அதனுடன் போயிருப்பார்! விரிப்பை ஒரு தடித்த பலகையின்மேல் இறுகப் பொருத்திவிடுவது அனுபவசாலிகள் கையாளும் உபாயம். உள்ளே நுரைப்பஞ்சு வைத்த தடித்த விரிப்புகளும் விற்கப்படுகின்றன. அடுக்குமாடி வீட்டில் இருப்போர், கீழ்வீட்டாரின் உச்சந்தலையில் நாம் குதிக்கிறோம் என்பதையும் நினைத்துக்கொள்வது நலம்.

மற்றொரு சிக்கலும் உண்டு. பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சியில் படம் உடனுக்குடன் தோன்றும். இக்காலத் தட்டைத் தொலைக்காட்சிகளோ, படத்தை மெருகிட்டுக் காட்டுவதற்காகச் சிறிது காலம் எடுத்துக்கொள்கின்றன. செய்தி பார்க்கும்போது அந்தத் தாமதம் நமக்குத் தெரியாது. தாளத்துக்கு மிதிக்கும் ஆட்டத்தில் அது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பலர் தங்களுக்குத் தாளஞானம் இல்லை என்று மனம் வருந்துகிறார்கள். குற்றம் தொலைக்காட்சியினுடையதாக இருக்கலாம். பெரும்பாலான தொலைக்காட்சிகளில் விளையாட்டுக்கென்றே ஒரு அமைப்பு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் தாமதம் குறையும்.

இனிக் கையைப் பார்க்கும் விளையாட்டுக்கு வருவோம். 2006இல் நின்டெண்டோ நிறுவனம் 'வீ' என்னும் பெட்டியை வெளியிட்டது. அதன் கைக்கருவிக்குள் அசைவின் வேக மாறுதலை அளக்கும் நுண்கருவி ஒன்று இருந்தது. கையை வீசினால் பெட்டிக்குத் தெரியும். உற்சாகத்தில் வீசிய வேகத்தில் மணிக்கட்டுக் கயிறு அறுந்து, கருவி தொலைக்காட்சியின்மீதே பாய்ந்த கதைகளும் உண்டு. அவ்வாண்டு டிசம்பரிலேயே அந்நிறுவனம் ஏறக்குறைய 32 இலட்சம் கயிறுகளை மாற்றிக் கொடுக்க முன்வர நேர்ந்தது. இந்தப் பெட்டிக்காகவே 2009இல் யூபிசாப்ட் நிறுவனத்தார் 'ஜஸ்ட் டான்ஸ்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். திரையில் வண்ண உருவம் ஒன்று ஆடும். நாம் கண்ணாடியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்து ஆட வேண்டும். உருவத்தின் வலக்கையில் மட்டும் வேறு நிறத்தில் ஓர் உறை இருக்கும். நாம் கருவியைப் பிடித்திருப்பது அந்தக் கையில்.

அந்த உறையிலேயே விளையாட்டின் இரகசியம் அடங்கியிருக்கிறது. பொறிக்குத் தெரிவது அந்த ஒரு கை மட்டுமே. இடக்கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். கால்களை மடித்துச் சோபாவில் உட்கார்ந்துகொள்ளலாம். வலக்கையைச் சரியாக வீசினால் மதிப்பெண் வந்துவிடும். பத்திரிகை விமரிசகர்கள் பலர் முதற்பதிப்பைக் கடுமையாகத் தாக்கி எழுதியதில் வியப்பில்லை. ஆனால் மக்கள் அதை வாங்கிக் குவித்தார்கள். விமரிசகர்கள் பொறியின் துல்லியத்தை அளந்தார்கள். வாங்கியவர்களோ பிறந்தநாள் மாலையில் பத்துப்பேர் கூடிச் சிரிப்பதற்கு ஒரு வழி தேடினார்கள். பாட்டியும் பேத்தியும் ஒன்றாக நின்று ஆடக்கூடிய ஆட்டம் இது. தவறு செய்தாலும் பாட்டு நின்றுவிடாது. தோற்றவர் வெளியேற வேண்டியதும் இல்லை. பலர்முன் ஆடக் கூச்சப்படுகிறவருக்கு, எல்லோரும் ஒரே வேளையில் அசடு வழிவதைவிட ஆறுதலானது வேறு ஏது?

ஒரு செய்தியை இங்கே இடையில் சொல்லிவிடுகிறேன். அந்த வண்ண உருவங்களின் முகம் பெரும்பாலும் வெறும் வெள்ளையாகவே இருக்கும். கண்ணும் வாயும் தெளிவாகத் தெரியா. கண்ணாலும் புருவத்தாலும் பாதிக் கதையைச் சொல்லும் பரதநாட்டியத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சற்று விந்தையாகவே படுகிறது.

இவ்விளையாட்டுக்கு ஆண்டுதோறும் புதிய பதிப்பு வருகிறது. பெட்டிகள் மாறியபோதும் இது மாறாமல் தொடர்ந்தது. அண்மைப் பதிப்புகளில் சில பெட்டிகளுக்குக் கைத்தொலைபேசியையே கருவியாகப் பிடித்து ஆடலாம். தொலைபேசியை இறுகப் பிடிக்குமாறு சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மிகுதியான பாட்டுகள் சந்தா கட்டுவோருக்கே கிடைக்கும் என்பதையும், சந்தா நின்றால் அவையும் நின்றுவிடும் என்பதையும் வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது விளையாட்டே என் மனத்தை மிகவும் கவர்ந்தது. இப்பொழுது கிடைப்பதற்கு அரியதும் அதுதான். 2010 நவம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிக்கென்று கினெக்ட் என்னும் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அறையெங்கும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்ப் புள்ளிகளை அது தூவும். அந்தப் புள்ளிகள் விழும் விதத்தைக் கொண்டு எது அருகில், எது தொலைவில் என்று கணக்கிடும். அதிலிருந்து ஆடுகிறவரின் உடலில் 20 மூட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை வினாடிக்கு 30 முறை கண்டறியும். இந்தக் காமிராவுடன் கூடவே, மாசசூசட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஹார்மோனிக்ஸ் நிறுவனம் படைத்த 'டான்ஸ் சென்ட்ரல்' வெளிவந்தது.

இங்கே கையில் கருவியும் இல்லை. காலடியில் விரிப்பும் இல்லை. வெறும் உடலே கருவி. நம் இடக்கை உயர வேண்டிய அளவு உயரவில்லை என்றால், திரையில் ஆடும் உருவத்தின் அந்தக் கை சிவப்பாக மாறும். எந்த உறுப்பில் பிழை என்பது அக்கணமே தெரிந்துவிடுகிறது. இதைவிடவும் சிறந்தது, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே பிரித்துக் கற்பிக்கும் பகுதி. ஓர் அசைவு வரவில்லை என்றால் அதை மெதுவாக்கித் திரும்பவும் காட்டும். நூறு முறை பிழை செய்தாலும் பொறுமை இழக்காது. பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லவும் சொல்லாது! ஆட ஆசை இருந்தும், வகுப்பில் சேரவோ பிறர் பார்க்கவோ அஞ்சும் ஒருவர், கதவைச் சாத்திக்கொண்டு கற்றுக்கொள்ள இதைவிடத் தக்க துணை இந்த மூன்றனுள் இல்லை.

ஆனால் இதற்கு இடம் வேண்டும். ஒருவர் ஆடக் காமிராவிலிருந்து 6 அடியும், இருவர் ஆட 8 அடியும் விலகி நிற்க வேண்டும் என்பது செய்தவர்களின் அறிவுரை. கட்டிலும் மேசையும் நெருங்கிக் கிடக்கும் அறையில் இது எளிதன்று. சன்னல் வழியே நேர் வெயில் விழுந்தால் அகச்சிவப்புக் கதிர்கள் குழம்பும். காலை மறைக்கும் தளர்ந்த உடையில் முழங்காலைத் தேடிக் கண்டுபிடிப்பதும் பொறிக்குக் கடினம். எல்லாவற்றுக்கும் மேலாக, கினெக்டின் உற்பத்தி 2017இல் நிறுத்தப்பட்டது. அந்தப் பெட்டிக்கான இணையக் கடையும் 2024 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. ஆதலால் வாங்குவதாயின் பழைய பொருளாக, காமிரா, பெட்டி, விளையாட்டுத் தட்டு ஆகிய மூன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும். விற்பவர் வீட்டிலேயே ஆடிப் பார்த்துவிட வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது? விருந்தினர் அடிக்கடி வந்துபோகும் வீட்டுக்கு, கையைப் பார்க்கும் விளையாட்டே போதும். அதன் குறைபாட்டை எவரும் பொருட்படுத்தமாட்டார்கள். உண்மையில் உடலை அசைக்கக் கற்க விரும்புகிறவர் மூன்றாவதைத் தேடி அலையத்தான் வேண்டும். ஒருவரே நாள்தோறும் அரைமணி நேரம் ஆடி, வியர்த்து, முன்னேற்றத்தை எண்ணில் காண விரும்பினால், காலைப் பார்க்கும் முதல் விளையாட்டை நான் சொல்வேன். மாணவர்களுக்கு அதையே முதலில் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு.

'ஸ்டெப்மேனியா' என்னும் கணினி நிரல் ஒன்று இருக்கிறது. ஆர்வலர்கள் பலர் கூடி எழுதி இலவசமாக வழங்குவது. கணினியில் ஒரு விரிப்பை இணைத்துவிட்டால், அதே நான்கு அம்பு ஆட்டத்தை இதில் ஆடலாம். பிறர் அமைத்த பாட்டுகளை ஆடுவதோடு நில்லாமல், நம்மிடமுள்ள எந்தப் பாட்டுக்கும் நாமே அம்புகளை அமைத்துக்கொள்ளலாம் என்பதே இதன் சிறப்பு. வெளிநாட்டு நிறுவனங்கள் தரும் பட்டியலில் நம்முடைய பாட்டு இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. முதலில் பாட்டு நிமிடத்துக்கு எத்தனை தட்டு ஓடுகிறது என்று கணக்கிட வேண்டும். பிறகு முதல் தட்டு எந்த வினாடியில் விழுகிறது என்று குறிக்க வேண்டும். இது ஒரு நூலிழை பிசகினாலும் பாட்டின் நடுவிலேயே அம்புகள் தாளத்தைவிட்டு விலகிப் போய்விடும். அதன்பின், மிருதங்கத்தோடு போவதா, பாடுபவரின் குரலோடு போவதா, இடைநிசையில் காலுக்கு ஓய்வு கொடுப்பதா, இடக்காலில் முடிந்த அடியை அடுத்து வலக்கால் எங்கே போகும் என்றெல்லாம் எண்ணி எண்ணி ஒவ்வோர் அம்பாக வைக்க வேண்டும். மூன்று நிமிடப் பாட்டு ஒன்றை இப்படி அமைத்து முடிப்பதற்குள், அமைத்தவர் அதை ஐம்பது முறையாவது கேட்டிருப்பார். ஆடிப் பார்க்கும் முதல் நாளிலேயே, எந்த அம்பை எடுத்துவிட வேண்டும் என்று அவருடைய காலே அவருக்குச் சொல்லிவிடும்.