கடைசிப் படி



காலை எட்டரை மணி. தாம்பரத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கிய கூட்டம் நடைமேம்பாலத்தில் ஏறுகிறது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஏறுகிறார் ஒரு பாட்டி. பின்னால் வருபவர்களின் வேகம் தானாகக் குறைகிறது. மழை நாளில் அங்கே ஒருவர் வழுக்கினால்?

மும்பையில் 2017 செப்டம்பர் 29 அன்று, எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகலான நடைமேம்பாலப் படிக்கட்டில் மழைநேர நெரிசலில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். பாலம் இடியவில்லை. அத்தனை பேருக்குப் படிக்கட்டு போதவில்லை, அவ்வளவுதான்.

ரயில் மின்கம்பிக்கு மேலே போக வேண்டும் என்பதால் இந்தப் பாலங்கள் ஆறு மீட்டருக்கு மேல் உயர்கின்றன. 15 சென்டிமீட்டர் படி என்றால் நாற்பதுக்குக் குறையாது. சக்கர நாற்காலிக்கான சாய்தளமோ, ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீள வேண்டும். ஆறு மீட்டருக்கு 72 மீட்டர். குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் சாலைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே அவ்வளவு இடம் ஏது? லிஃப்டைத்தான் நம்ப வேண்டும். அது ஓடாத நாளில் சைக்கிள்காரர் வண்டியைத் தோளில் தூக்குகிறார், அல்லது தண்டவாளத்தைத் தாண்டுகிறார். அவரைத் திட்டிப் பயனில்லை. சக்கரம் உருண்டு ஏற, படியோரம் ஒரு சிறு பள்ளம் விட்டிருந்தாலே பாதிச் சுமை இறங்கியிருக்கும்.

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் 2012இல் புழக்கத்துக்கு வந்த ஹோவன்ரிங் சைக்கிள் பாலத்துக்காக, கீழே உள்ள சாலைச் சந்திப்பையே தாழ்த்தினார்கள். மிதிப்பவருக்கு ஏற்றம் குறைய வேண்டுமே!

நம்மிடமும் நல்ல தொடக்கம் உண்டு. 2023 மே மாதம் திறந்த தியாகராய நகர் ஆகாய நடைபாதை, 570 மீட்டர் நீளத்தில், 4.2 மீட்டர் அகலத்தில், மாம்பலம் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கிறது. ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபோது, அதை ரயிலோடு இணைக்கும் நடைபாதை இல்லை. பெட்டி படுக்கையோடு வருபவர்களுக்கு அதுதானே முதல் தேவை?

இறங்கும் இடத்துக்கு வருவோம். படியடியில் வரிசையாக இருசக்கர வண்டிகள். பக்கத்தில் மூடி பெயர்ந்த வடிகால். பழைய தார் மீதே புதுத் தார் போட்டுச் சாலையை உயர்த்தியதால் கடைசிப் படி மட்டும் குட்டையாகிவிடுகிறது. நாற்பது படி இறங்கிப் பழகிய கால் அங்கேதான் இடறும். பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலர் இறையன்பு உத்தரவிட்டார். பாலத்தடியில் அதை நிறைவேற்ற ஒப்பந்ததாரருக்கு ஒரு இரவு வேலை போதும்.