சாம்பலும் வடசென்னைக்கு, சுமையும் வடசென்னைக்கா?



சென்னைக்கு முதன்முதல் மின்னொளி தந்த மண் வடசென்னை. கொருக்குப்பேட்டைக்கு அண்மையில் உள்ள பேசின் பாலத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மின்னாக்க நிலையம் இயங்கிற்று. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் எழுந்தது. 450 மெகாவாட் மின்திறன் கொண்ட அது 2017இல் மூடப்பெற்றது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையமும், வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையமும் எழுந்தன. ஒளி நாடெங்கும் சென்றது. புகை இங்கே தங்கிற்று. கொசத்தலை ஆற்றில் நிலக்கரிச் சாம்பல் படிந்தது. மீனவர் வலையில் மீன் குறைந்தது. மின்னாக்கத்தின் விலையை மூச்சாலும் ஆற்றாலும் முன்னரே கொடுத்துவிட்ட மக்களிடம், மேலும் கொடு என்று கேட்பது எவ்வகை முறை?

2022 சூலைத் திங்களில் கட்டண உயர்வு முன்மொழியப்பெற்றது. கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் கருத்துக் கேட்டனர். செபுதம்பர் 9ஆம் நாள் ஒழுங்குமுறை ஆணையம் ஆணையிட்டது. மறுநாளே உயர்வு நடைமுறைக்கு வந்தது. அந்த உயர்வின் சுமை யார் தோளில் ஏறியது என்பதைக் கணக்கே சொல்லும்.

இரண்டு திங்களுக்கு 500 அலகு செலவிட்ட வீடு அதற்குமுன் 1,130 உரூபா கட்டியது. பின்னர் 1,725 உரூபா. கூடியது 595 உரூபா. 600 அலகு செலவிட்ட வீடோ 2,440இலிருந்து 2,750க்குச் சென்றது. கூடியது 310 உரூபாவே! மிகுதியாகச் செலவிட்டவனுக்கு எட்டில் ஒரு பங்கு உயர்வு. குறைத்துச் செலவிட்டவனுக்குப் பாதிக்கும் மேற்பட்ட உயர்வு! இதுதான் ஏழைக்குப் பரிந்த கணக்கா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்த 2022ஆம் ஆண்டுக் கட்டணப்படி 500 அலகுக்கு 1,725 உரூபா. 501 அலகுக்கு 1,958 உரூபா. கூடுதலான ஓர் அலகின் விலை 233 உரூபா! மாளிகைக்கு அஃது ஒரு பொருட்டன்று. ஒரே மின்னளவியின்கீழ் இரண்டு மூன்று அடுப்பெரியும் நெருக்கமான குடியிருப்புக்கோ, கோடை வெம்மையில் ஒரு மின்விசிறி கூடுதலாகச் சுழன்றாலே இடி விழும். வீட்டுக்காரர் அந்தச் சுமையைக் குடியிருப்போர் தலையிலேயே இறக்குவார்.

சிறுதொழிற் பட்டறைகளின் நிலையோ இன்னும் கொடிது. 50 கிலோவாட்டுக்கு மேற்பட்ட இணைப்புகளுக்குக் கிலோவாட்டுக்கு 35 உரூபாவாக இருந்த நிலைக்கட்டணம் 150 ஆயிற்று. எந்திரம் ஓடாத நாளுக்கும் கட்டணம்! அதனாலன்றோ 2023 செபுதம்பர் 25ஆம் நாள் தமிழ்நாடெங்கும் சிறுதொழிற்கூடங்கள் கதவடைத்தன? பட்டறை மூடினால் முதலாளிக்கு இழப்பு. தொழிலாளிக்கோ அன்றைய சோறே இல்லை.

வாரியம் கடனில் மூழ்கிற்று, எட்டாண்டுகள் கட்டணம் உயர்த்தப்பெறவில்லை, நடுவண் அரசும் நெருக்குகின்றது என்று அன்று விடை கூறினர். கடன் ஓர் இலக்கம் கோடி உரூபாவைத் தாண்டியது மெய்யே. ஆயின் அக்கடனைக் கொருக்குப்பேட்டைக் குடிசையா வாங்கிற்று? எண்ணூரில் 660 மெகாவாட் விரிவாக்கப் பணி 2014இல் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கப்பெற்றும், அவர் நொடித்துப் போனமையால் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. சொந்த உலை எரியாதபோது தனியாரிடம் மின்சாரம் வாங்கத்தானே நேரும்? ஆளுவோரின் காலத்தாழ்வுக்கு விளக்கேற்றும் தாய் தண்டம் கட்டுவதா?

பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் உரைத்த அறிவுரையைத் தமிழர் அறிவர். யானை விளைநிலத்துள் தானே புகுந்து மேய்ந்தால், அது தின்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி. முறையறிந்து தண்டும் அரசு தானும் வாழும், குடியையும் வாழவைக்கும்.

2022ஆம் ஆண்டு ஆணை, 2026–27 வரை ஆண்டுதோறும் சூலையில் விலைவாசிக்கேற்பக் கட்டணம் தானே உயரவும் வழி வகுத்தது. 2024இல் 4.83 விழுக்காடு உயர்ந்தது. 2023இலும் 2025இலும் வீடுகளுக்கான உயர்வை அரசு ஏற்றுக்கொண்டது, பட்டறைகள் தப்பவில்லை. மக்களின் எதிர்ப்பைக் கேட்டபின்பே கட்டணத்தை வரையறுத்தல் வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் நெறி. ஒருமுறை கேட்டுவிட்டு ஐந்தாண்டுக்கு உயர்த்துவது அந்நெறியின் உயிரைப் பறிப்பதாகும்.

ஆகவே, அடுத்த முன்மொழிவு வருமுன் கேட்க வேண்டியவை இவை: தானியங்கி உயர்வு ஒழிக! கருத்துக்கேட்பு அவை வடசென்னையிலும் கூடுக! 2021 தேர்தலில் தி.மு.க. உறுதியளித்தவாறு திங்கள்தோறும் மின்கணக்கு எடுக்கப்பெறுக! 500 அலகைத் தாண்டியதும் தலையில் விழும் சுமை நீங்குக! சிறுபட்டறைகளின் நிலைக்கட்டணம் குறைக!

தெருத்தெருவாகப் பழைய, புதிய மின்கட்டணச் சீட்டுகளைத் திரட்டுங்கள். அவற்றை இணைத்துத் தூய தமிழில் எதிர்ப்பு மடல் வரைந்து ஆணையத்திற்கு விடுங்கள். முழக்கத்தை மறுக்கலாம், கணக்கை மறுக்க இயலாது. ஊருக்கு ஒளி தந்து சாம்பலைச் சுமந்த மண், தன் வீட்டு விளக்கை அணைத்துக்கொள்ள ஒருபோதும் இசையாது!

வெல்க தமிழ்! வாழ்க உழைப்பாளர்!