எல்லை வகுத்தலும் எழுத்துக் காத்தலும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உத்திரமேரூர் என்றவுடன் தமிழறிந்தோர் நெஞ்சில் முதலில் தோன்றுவது வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரும், அதிற் பொறித்த குடவோலைக் கல்வெட்டும் ஆகும். முதற் பராந்தக சோழனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளையொட்டி, ஊர்ச்சபை கூடி எடுத்த முடிவுகள் அவை. தேர்தல் வரலாறு பேசுவோர் அக்கல்வெட்டில் குடத்தையும் ஓலையையும் காண்பர். அவற்றுக்கு முற்பட்ட செயல் ஒன்றும் அங்கே உண்டு. ஓலையில் ஒரு பெயரேனும் எழுதுவதற்கு முன்னரே ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடும்புதோறும் எழுதிய ஓலைகள் தனித்தனிக் கட்டாகக் கட்டப்பெற்றன. ஒவ்வொரு கட்டுக்கும் அது எந்தக் குடும்பினது என்று காட்டும் வாயோலை பூட்டப்பெற்றது. முதலில் பகுத்தல், அடுத்துப் பெயரிடல், அதன் பின்னரே பயன்கொள்ளல் என்பது அவர்கள் கொண்ட வரிசை.

இவ்வரிசை மாறினால் என்ன கேடு நேரும் என்பதை இக்காலத்தில் காட்டி நிற்பது கணிப்பொறியின் வன்தட்டு. பழைய கணிப்பொறியில் பெரிய வன்தட்டைப் பூட்டிப் பகுத்தலும் ஃபார்மட் செய்தலும் பொறியாளர் பேசும் செய்தியாயிற்றே, கவியரங்கில் அதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். தொண்ணூறுகளிலும் அடுத்த பத்தாண்டிலும் தமிழ்க் கவிஞர் பலர் தாளிலிருந்து கணிப்பொறிக்கு மாறினர். அவர்தம் கவிதைகளிற் சில அச்சேறின, பல ஏறவில்லை. அச்சேறாதவை இருக்கும் ஒரே இடம் ஒரு பழைய தட்டாக இருக்கலாம். அத்தட்டு நிறைந்த நாளில் பெரிய தட்டொன்று வாங்கப்படுகிறது. கவிதைகள் அழிவது பெரும்பாலும் அந்த நாளில்தான்.

பகுத்தலும் ஃபார்மட்டும்

இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள். பகுத்தல் என்பது தட்டின்மேல் எல்லைக்கல் நடுதல். தட்டு, 512 பைட் கொண்ட சிறு கூறுகளாக எண்ணப்படுவது. அவற்றுள் முதற்கூறே ஊர்க்கணக்கு ஏடு. அதில் எல்லைக் கணக்குக்கென ஒதுக்கிய இடம் 64 பைட் மட்டுமே. பிரிவு ஒன்றுக்குப் பதினாறு பைட் வீதம் நான்கு பிரிவுகளுக்கு மேல் அதில் எழுத இயலாது. அதற்கு மேல் வேண்டுமாயின் நான்கில் ஒன்றை விரிவுப் பிரிவாக்கி, அதனுள் உட்பிரிவுகள் அமைக்க வேண்டும். டாஸ், விண்டோஸ் 98 ஆகியவற்றில் இவ்வேலையைச் செய்வது எஃப்டிஸ்க் என்னும் கருவி.

ஃபார்மட் என்பது, எல்லை கட்டிய மனையில் வீடுகளுக்கு எண் இட்டுப் பதிவேடு திறத்தல். எந்தக் கோப்பு எந்த இடத்தில் தொடங்கி எங்கே தொடர்கிறது என்று குறிக்கும் அட்டவணை அப்போதுதான் உண்டாகிறது. முன்பே கோப்புகள் இருந்த பிரிவை ஃபார்மட் செய்தால் பழைய பதிவேடு நீங்கிப் புதிய வெற்றேடு வைக்கப்படும். டாஸ் காலத்து ஃபார்மட் வன்தட்டின் எழுத்துகளைத் துடைப்பதில்லை. முகவரிகளை மட்டும் மறக்கச் செய்யும். ஆதலின் தவறு நேர்ந்தவுடன் தட்டில் ஏதும் எழுதாமல் நிறுத்தினால் மீட்டெடுக்க வழியுண்டு. மேலே புதிதாக எழுதிவிட்டால் அவ்வழி அடைபடும். விண்டோஸ் விஸ்டா முதல் முழு ஃபார்மட் தட்டு முழுவதையும் சுழியத்தால் நிரப்புகிறது. அதற்குப் பின் மீட்பு இல்லை.

எண்ணத் தெரிந்த அளவே எல்லை

பழைய இயங்குதளங்களின் குறை, தட்டுப் பெருகிய வேகத்துக்கு அவற்றின் எண்ணறிவு பெருகாமையே. 1983 இல் ஐ.பி.எம். எக்ஸ்.டி. கணிப்பொறி வந்தபோது அதன் வன்தட்டு 10 மெகாபைட். அக்காலத்தில் இலக்க வரம்பு வகுத்தவர்க்கு அதுவே பெரிது. கணிப்பொறியின் அடிப்படை நிரலாகிய பயாஸ் ஒருவகைக் கட்டத்திலும், தட்டின் இணைப்புமுறை வேறுவகைக் கட்டத்திலும் முகவரி எழுதின. இரண்டுக்கும் பொதுவான சிறிய கட்டங்களே பயன்பட்டன. அதனால் 528 மெகாபைட்டில் முதல் தடை எழுந்தது. அதைத் தாண்டியதும் 8.4 ஜிகாபைட்டில் மற்றொரு தடை.

ஃபேட் 16 என்னும் பதிவேட்டு முறையில் டாஸும் விண்டோஸ் 95 உம் அமைக்கும் பிரிவு 2 ஜிகாபைட்டைக் கடக்காது. அப்பெரிய பிரிவில் கோப்பு எத்துணைச் சிறிதாயினும் குறைந்தது 32 கிலோபைட் இடம் கொள்ளும். ஒரு கிலோபைட்டில் அடங்கும் குறுங்கவிதைக்கும் முப்பத்திரண்டு மடங்கு வீடு. ஆயிரம் கவிதைகளை ஆயிரம் கோப்புகளாக வைத்தால், ஒரு மெகாபைட் எழுத்து ஏறத்தாழ 31 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். 1996 இல் வந்த ஃபேட் 32 இக்குறையைத் தீர்த்தது. 8 ஜிகாபைட் வரையுள்ள பிரிவில் அது 4 கிலோபைட் வீடு கட்டிற்று. விண்டோஸ் 98 இன் எஃப்டிஸ்க் தொடங்கியதும் பெரிய தட்டுக்கான ஆதரவு வேண்டுமா என்று கேட்பது இதற்காகவே. வேண்டாம் என்று விடை தந்தால் பழைய 2 ஜிகாபைட் எல்லையே வாய்க்கும்.

சில தடைகள் கண்ணை மட்டும் ஏமாற்றுவன. விண்டோஸ் 98 உடன் வந்த எஃப்டிஸ்க், 64 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தட்டின் அளவைத் தவறாகக் காட்டும். 80 ஜிகாபைட் தட்டு அதன் கணக்கில் பத்தளவாய்ச் சுருங்கித் தோன்றும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பின்னர்த் திருத்திய பதிப்பை வெளியிட்டது.

அஞ்சத்தக்க எல்லை 137 ஜிகாபைட். தட்டின் கூறுகளுக்கு எண்ணிட அன்றைய முறை 28 பிட் கொண்டது. அதில் எழுதத்தக்க எண்கள் 26,84,35,456. கூறு ஒன்றுக்கு 512 பைட் எனப் பெருக்கினால் வருவது ஏறத்தாழ 137 ஜிகாபைட். அதற்கு அடுத்த கூறுக்கு எண் என்ன? ஐந்து இலக்கம் கொண்ட தூரமானி 99999 ஐக் கடந்ததும் மீண்டும் 00000 காட்டுவது போல, அவ்வெண் சுழியத்துக்குத் திரும்பும். சுழியம் என்பதோ ஊர்க்கணக்கு ஏடு வைத்த முதற்கூறு. தட்டின் கோடியில் எழுத நினைத்த புதுக்கவிதை தட்டின் தலையில் போய் விழுந்து, எல்லைக் கணக்கையும் அதையடுத்த பதிவேட்டையும் தின்றுவிடும்.

இக்கேடு உடனே வெளிப்படுவதும் இல்லை. பயாஸ் புதியதாயின் 160 ஜிகாபைட் தட்டை அது முழுதும் காணும். பிரிவு அமையும், ஃபார்மட் முடியும், விண்டோஸ் 98 தொடங்கும். ஆனால் அவ்வியங்குதளத்தின் சொந்தத் தட்டியக்கி 28 பிட் அளவே எண்ண வல்லது. பல மாதம் எல்லாம் நலமே நடக்கும். எழுத்து நிறைந்து எல்லை கடக்கும் நாளில், முன்னறிவிப்பு ஏதுமின்றி, முதல் நாள் எழுதியவை மறையும். விண்டோஸ் 2000, எக்ஸ்.பி. ஆகியவையும் தொடக்கப் பதிப்பில் இக்குறை உடையனவே. 2002 இல் வந்த திருத்தத் தொகுப்புகளால் அவை 48 பிட் எண்ணைக் கற்றன. விண்டோஸ் 2000 இல் அதனைத் தனியே இயக்கிவிடவும் வேண்டும். ஆகவே விண்டோஸ் 98 இயங்கும் பொறிக்கு 120 ஜிகாபைட் தட்டு எல்லைக்குள் அடங்குவது. 160 ஜிகாபைட் தட்டு ஆபத்தானது. இதற்கும் மேலே, நான்கு பிரிவு ஏட்டின் எண் 32 பிட் ஆதலின், 2.2 டெராபைட்டில் மற்றோர் எல்லை நிற்கிறது. அதைக் கடந்த புதிய முறையில் எல்லைக் கணக்கு தட்டின் தலையில் ஒன்றும் கடையில் ஒன்றுமாக இருபடி எழுதப்படுகிறது. ஒரு படி போதாது என்பதைப் பொறியும் உணர்ந்தமைக்கு அது சான்று.

வாயோலை இல்லாத கட்டு

இரண்டாவது கேடு பெயரால் வருவது. ஒரே தட்டு இரு பிரிவாய் இருந்தால் முதற்பிரிவு சி; உட்பிரிவு டி. கவிதைகள் டி இல் இருப்பதாகக் கொள்வோம். இரண்டாம் தட்டொன்று பூட்டினால், டி யை அடுத்து இ என்னும் எழுத்தே புதியதற்கு வரும் என்று எவரும் எண்ணுவர். டாஸும் விண்டோஸ் 98 உம் அவ்வாறு பெயரிடுவதில்லை. அவை எல்லாத் தட்டுகளின் முதன்மைப் பிரிவுகளுக்கும் முதலில் எழுத்து வழங்கி, உட்பிரிவுகளுக்குப் பின்னரே வழங்கும். புதிய தட்டில் முதன்மைப் பிரிவு அமைத்ததும் அது டி ஆகும். கவிதைகள் இருந்த பழைய பிரிவு இ ஆகும். இதை அறியாதவர் புதிய தட்டு என்று எண்ணி இ யை ஃபார்மட் செய்வார். பல்லாண்டுக் கவிதைகளின் பதிவேடு ஒரு கட்டளையில் நீங்கும்.

எஃப்டிஸ்க்கிலும் இத்தகைய வழுக்கல் உண்டு. இரு தட்டுகள் இருந்தால் பட்டியலின் ஐந்தாவது தெரிவால் தட்டை மாற்றிய பின்னரே புதிய தட்டில் வேலை செய்ய இயலும். மறந்தால் எல்லா மாற்றமும் பழைய தட்டின்மேலே நிகழும்.

இதற்குக் காப்பு வாயோலையே. ஒவ்வொரு பிரிவுக்கும் பதினோரு எழுத்துக்குள் பெயரிட டாஸ் இடம் தருகிறது. பெயருள்ள வன்தட்டுப் பிரிவை ஃபார்மட் செய்ய முற்பட்டால், அதன் பெயர் என்ன என்று கருவி கேட்கும். சரியான பெயர் சொல்லாதவர்க்கு மேலே வழியில்லை. பெயரிடாத பிரிவுக்கோ அந்தக் காவல் இல்லை.

செய்யத்தக்கன

பெரிய தட்டு வாங்கியவர் முதலில் செய்ய வேண்டியது பழைய கவிதைகளைப் படியெடுத்தல். ஒரு படி வேறு தட்டிலும், மற்றொரு படி வேறு இல்லத்திலும் இருத்தல் நன்று. படியெடுத்ததை வேறொரு கணிப்பொறியில் திறந்து படித்துப் பார்க்க வேண்டும். கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் அமரக் கூடாது என்றது உத்திரமேரூர்ச் சபை. திறந்து பார்க்காத படியையும் அவ்வாறே கொள்ளலாம். அடுத்து, பழைய தட்டின் இணைப்பைக் கழற்றிவிட்டே புதியதைப் பகுக்க வேண்டும். இயங்குதளம் எண்ணவல்ல எல்லைக்குள் தட்டின் அளவு அமைய வேண்டும். பின்னர்ப் பெயரிட்டு, அப்பெயரையும் அளவையும் தாளில் எழுதித் தட்டின்மேல் ஒட்டிவைத்தல் நலம்.

தமிழ்க் கவிஞர்க்கு மட்டும் உரிய கடமை ஒன்றும் உண்டு. தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தம் குறியீட்டு முறை கொண்டிருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் குறியீடுகள் வந்தன. 2010 இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16 ஐயும் ஏற்றது. பழைய கோப்பை மட்டும் படியெடுத்து எழுத்துருவை விட்டுவிட்டால், தட்டு பிழைத்தும் கவிதை பிழைக்காது; பொருளற்ற குறிகளே எஞ்சும். எழுத்துருவையும் உடன் வைத்து, யூனிகோடுக்கு மாற்றிய படியையும் சேர்த்தல் வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், முன்னர்த் தகுதரக் குறியீட்டில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் யூனிகோடிலும் தந்தமையால்தான் அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

உத்திரமேரூர்ச் சபையார் 919 இல் வகுத்த விதியை ஈராண்டில் திருத்தினர். உறுப்பினர் வயது முப்பது முதல் அறுபது என்றிருந்தது, முப்பத்தைந்து முதல் எழுபது என்றாயிற்று. திருத்தியவர்கள் பழைய கல்வெட்டைச் செதுக்கி எறியவில்லை; புதியதைத் தனியே பொறித்தனர். இரண்டும் சுவரில் இருப்பதால்தான் என்ன மாறியது, எப்போது மாறியது என்பதை இன்று அறிய முடிகிறது. புதிய தட்டில் முதற்கவிதை ஏறும் வேளையில் பழைய தட்டும் பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும். வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகள் இருபதாம் ஆண்டு மலரை ஆக்குவோர் கைக்கும் சென்றுசேர வேண்டும்.