காடு யாருடையது?

(திருவொற்றியூரில் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நான் உங்களுக்குச் சொல்லப்போவது ஆனைமலைக் காட்டுக்குள் இருந்த ஒரு சிறு குடியிருப்பைப் பற்றியதாகும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும், எண்ணூரில் வலை வீசுகிறவர்களும், ஆலைகளில் பாடுபடுகிறவர்களும் கூடியிருக்கும் இந்த இடத்தில் மலைக்காட்டுச் சங்கதி எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். முழுவதும் கேட்டுவிட்டு, அது நமக்குச் சம்பந்தப்பட்டதா இல்லையா என்பதை உங்கள் அறிவைக்கொண்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காட்டைப்பற்றி நமக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள்? புராணக்காரன் சொன்னது, அங்கே ரிஷிகள் தபசு செய்தார்கள், இராட்சதர்கள் வந்து கெடுத்தார்கள் என்பதுதான். அந்த ரிஷி போவதற்கு முன்பே அங்கு குடியிருந்தவன் யார், அவன் எதைத் தின்றான், மழைக்கு எங்கே ஒதுங்கினான் என்று ஒரு புராணமும் கவலைப்படவில்லை. இக்காலத்தில் காரில் ஏறி மலைக்குப் போய்வருகிறவர்களோ, “ஆஹா, இயற்கையோடு இயைந்த வாழ்வு! கவலையில்லாத ஜனங்கள்!” என்று படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். முன்னவன் அவனை இராட்சதன் ஆக்கினான். பின்னவன் அவனை வேடிக்கைப் பொருள் ஆக்கினான். இருவரும் அவனை மனிதனாக நினைக்கவில்லை. ஊரில் நடக்கிற அக்கிரமத்தைக்கூட நாம் “காட்டுமிராண்டித்தனம்” என்றுதானே திட்டுகிறோம்? ஊரான் செய்த குற்றத்திற்குக் காட்டில் இருப்பவன் பெயரை இழுப்பது என்ன நியாயம்?

வால்பாறையைச் சுற்றியுள்ள ஆனைமலைக் காடு தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை கொட்டும் இடங்களில் ஒன்று. ஆனி, ஆடி மாதங்களில் நாட்கணக்காக வெயிலைப் பார்க்க முடியாது. கீழே அட்டை, மேலே மழை, சுற்றிலும் யானை. இந்தக் காட்டில் பல தலைமுறையாக வாழ்கிறவர்கள் காடர்கள். தேனும், குங்கிலியமும், கிழங்கும், மூங்கிலும் அவர்கள் பிழைப்பு. எந்த மரத்தில் எந்த மாதத்தில் தேன் இருக்கும், யானை எந்தத் தடத்தில் வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். வனத்துறையார் காட்டுக்குள் போகவேண்டுமானாலும், காட்டைப்பற்றி ஆராய்ச்சி செய்கிறவர் போகவேண்டுமானாலும், முன்னே வழிகாட்டிப் போகிறவன் காடனேயாவான். ஆனால் அந்தக் காட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. ரோடு இல்லாத குடியிருப்புகளில் நோயாளியைத் துணித்தூளியில் போட்டுத் தோளில் சுமந்துகொண்டு வரவேண்டியதுதான். பள்ளிக்கூடம் வேண்டுமானால் பிள்ளையைத் தாய் தகப்பனைவிட்டுப் பிரித்து விடுதிக்கு அனுப்ப வேண்டும். இதற்குப் பெயர் கவலையில்லாத வாழ்வா?

தோழர்களே! காட்டை அவர்கள் கையிலிருந்து யார் எடுத்தார்கள்? 1856-ம் வருஷம் நம் இராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் பிரயாணிகள் ரயில் ஓடியது. அதே 1856-ல்தான் சென்னை மாகாணத்தில் வனத்துறையும் ஏற்பட்டது. கிளெகார்ன் என்ற வெள்ளைக்கார டாக்டர் அதற்கு முதல் தலைவரானார். ரயில் போட்டால் தண்டவாளத்துக்கு அடியில் மரக்கட்டை வேண்டும். அக்கால எஞ்சினுக்கு எரிக்க விறகும் வேண்டும். ஆனைமலைத் தேக்கோ அதற்கு முன்பிருந்தே பம்பாயில் கப்பல் கட்டுவதற்குப் போய்க்கொண்டிருந்தது. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. அதன்பின் காடு சர்க்கார் சொத்து, அதில் குடியிருந்தவன் அனுமதி கேட்டு நுழைய வேண்டியவன் என்றாயிற்று. 1890-களிலிருந்து மலையை மொட்டையடித்துக் காப்பியும் தேயிலையும் வைத்தார்கள். அப்போதெல்லாம் காடு அழிகிறதே என்று காடனைக் கேட்டவர் யாருமில்லை. 1976-ல் சரணாலயம், 2007-ல் புலிகள் காப்பகம் என்று ஆனபின்தான், “நீ இங்கே இருந்தால் காடு கெட்டுவிடும்” என்று காடனிடம் சொல்ல வந்தார்கள். வெட்டினவன் ஒருவன், பழி சுமப்பவன் மற்றொருவன்.

இனி அந்தக் குடியிருப்பின் கதைக்கு வருகிறேன். அதன் பெயர் கல்லார். இருபதுக்குக் கொஞ்சம் மேற்பட்ட காடர் குடும்பங்கள் அங்கே இருந்தன. 2019 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் மலைச்சரிவு பெயர்ந்து வந்து குடியிருப்பு பாழாயிற்று. சரிந்தது ஏன்? தெய்வக் குற்றமும் அல்ல, கிரகக் கோளாறும் அல்ல. சரிவான மண் தாங்குகிற அளவுக்குமேல் தண்ணீரைக் குடித்தால் கனம் தாளாமல் வழுக்கி இறங்கும், அவ்வளவுதான். காடர்கள் பரிகாரம் தேடிப் போகவில்லை. தங்கள் காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேடு என்னும் இடத்தைத் தாங்களே பார்த்துத் தேர்ந்து குடிசை போட்டார்கள். அங்கே இருக்கக்கூடாது என்று வெளியேற்றப்பட்டார்கள். கொடுத்த மாற்று இடம் தேயிலைத் தோட்டத்துப் பழைய லயன் வீடுகள். காட்டை நம்பிப் பிழைத்தவனைத் தேயிலைக்கு நடுவே கொண்டுபோய் வைத்தால் அவன் என்ன செய்வான்? மீனவனைக் கொண்டுபோய்ப் பாலைவனத்தில் வீடு கட்டிக்கொடுத்த கதைதான்.

2006-ல் இந்திய சர்க்கார் வன உரிமைச் சட்டம் ஒன்றைச் செய்தது. காட்டுவாசிகளுக்கு வரலாற்று அநீதி செய்யப்பட்டுவிட்டது என்று அந்தச் சட்டமே தன் முகவுரையில் ஒப்புக்கொள்கிறது. யாருக்கு என்ன உரிமை என்பதை முதலில் விசாரித்துத் தீர்மானிக்க வேண்டியது அந்த ஊர் ஜனங்கள் கூடும் கிராம சபை என்றும் சொல்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் கோர்ட்டு வழக்கின் காரணமாகப் பட்டா வழங்குவது 2016 வரை தடைப்பட்டுக் கிடந்தது. கல்லார் ஜனங்கள், குறிப்பாகப் பெண்கள், இந்தச் சட்டத்தைத் தெரிந்துகொண்டார்கள். மனுக் கொடுத்தார்கள்; அலைந்தார்கள்; உட்கார்ந்து போராடினார்கள். இரண்டு வருஷத்துக்குப் பின், 2021-ல், தெப்பக்குளமேட்டில் பட்டா அவர்கள் கைக்கு வந்தது. எந்த ரிஷியின் வரத்தாலும் அல்ல, எந்தப் பிரபுவின் தயவாலும் அல்ல. தங்கள் உரிமையை அறிந்து அதை விடாமல் கேட்டதால் வந்தது.

இப்போது நம் பக்கம் திரும்பிப் பாருங்கள். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து ஆறு மேடிட்டபோது காட்டுக்குப்பத்தாரைக் கேட்டா கலந்தார்கள்? 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தபோது, அதை வழித்தெடுக்க ஆற்றில் இறங்கியது யார்? அந்த ஆற்றை நம்பிய மீனவன்தானே? காட்டில் காடனுக்கு நடந்ததும் கழிமுகத்தில் மீனவனுக்கு நடந்ததும் ஒரே காரியந்தான். அங்கே குடியிருக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, அவனைக் கேட்கத் தேவையில்லை என்கிற அகம்பாவமே இரண்டுக்கும் வேர். பிறப்பினால் ஒருவனை அறிவில்லாதவன் என்று ஒதுக்கிவைத்த அதே புத்திதான் இங்கே ஆபீஸ் உடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறது.

ஆகவே தோழர்களே, காடருக்காகப் பரிதாபப்படுங்கள் என்று நான் சொல்லவில்லை. பரிதாபம் கொடுப்பவனை மேலும், வாங்குகிறவனைக் கீழும் வைப்பதாகும். அவர்கள் செய்த காரியத்தை நீங்களும் செய்யுங்கள் என்றுதான் சொல்லுகிறேன். உங்கள் ஆற்றைப்பற்றியும் கரையைப்பற்றியும் உள்ள சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். படிக்கத் தெரிந்தவர் படியாதவருக்குப் படித்துச் சொல்லுங்கள். பொதுவிசாரணைக் கூட்டம் என்று அறிவித்தால் வேலை இருக்கிறது என்று தங்கிவிடாமல் பெண்களோடு போய் உட்காருங்கள், கேள்வி கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். இருபத்துச் சொச்சம் குடும்பங்கள், ரோடில்லாத காட்டிலிருந்து இறங்கிவந்து இதைச் சாதித்திருக்கும்போது, ரோடும் ரயிலும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு இவ்வளவு பேர் கூடியிருக்கிற நம்மால் ஏன் முடியாது என்பதை யோசித்துப் பாருங்கள்.