பிறப்பிலேயே குற்றவாளி உண்டா?

(கிளைச் செயலாளர்கள் வகுப்பில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நாம் வேலை செய்யும் பகுதியில் ஒரு கிராமத்தில் கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பி களவு போயிற்று. காலையில் விஷயம் தெரிந்தது. மத்தியானத்துக்குள் போலீஸ் ஜீப் வந்தது. ஊருக்குள் யாரையும் விசாரிக்கவில்லை. நேரே ஏரிக்கரைக் குடிசைகளுக்குப் போயிற்று. கூடை முடைந்து பிழைக்கும் குறவர் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. மூன்று வாலிபர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நாம் போய் வாதாடிய பிறகே விட்டார்கள்.

பத்து நாள் கழித்துக் கம்பியை எடுத்தவன் யாரென்று தெரிந்தது. மோட்டார்க்காரரின் பங்காளி மகன்! அவன் மீது கேஸ் உண்டா? கிடையாது. கோயில் மண்டபத்தில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து, கம்பிக்குப் பணம் கட்டச் சொல்லி, "சின்னப் பையன், புத்தியில்லாமல் செய்துவிட்டான்" என்று பேசி முடித்துவிட்டார்கள்.

இதில் நாம் மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. ஏனென்றால் களவு தெரிந்த அன்று நம் கிளைத் தோழர் ஒருவரே, "வேறு யார், ஏரிக்கரைக்காரர்கள்தான்" என்றார். அவர் கெட்டவரல்ல; கூலிப் போராட்டத்தில் சிறை சென்றவர். அவர் வாயில் அந்தச் சொல் எப்படி வந்தது? அதைத்தான் இன்று பேச வேண்டும்.

எந்தச் சமுதாயத்துக்கும் கட்டுப்பாடு வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. வீட்டில் தாய் கண்டிக்கிறாள். தெருவில் நாலு பேர் பழிக்கிறார்கள். பஞ்சாயத்து அபராதம் போடுகிறது. அதற்கும் மேலே போலீஸ், கோர்ட்டு, சிறை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எது குற்றம் என்று கோடு கிழிப்பது யார்? செய்த காரியத்தைப் பார்த்துத் தண்டிக்கிறோமா, ஆளின் பிறப்பைப் பார்த்தா? அறுவடைக் கூலியில் ஒரு மரக்கால் குறைத்து அளக்கும் மிராசுதாரை யாரும் திருடன் என்பதில்லை. களத்தில் ஒரு பிடி நெல்லை மடியில் கட்டிய கூலிக்காரிக்கு அந்தப் பட்டம் உடனே கிடைக்கிறது. கோடு கிழிப்பவன் சொத்துள்ளவன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இந்த அநியாயத்தைச் சட்டமாகவே எழுதி வைத்தது பிரிட்டிஷ் சர்க்கார். 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. முதலில் வட இந்தியாவில் அமலாயிற்று. 1911-ல் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு சாதி முழுவதையும் குற்றப் பரம்பரை என்று சர்க்கார் அறிவிக்கலாம். அந்த அறிவிப்புச் சரியா தவறா என்று எந்தக் கோர்ட்டும் கேட்க முடியாது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் அந்தப் பட்டத்தோடுதான் பிறந்தது. 1897-ம் வருஷத் திருத்தம் நாலு வயதுக் குழந்தையைக்கூடப் பெற்றோரிடமிருந்து பிரிக்க அதிகாரம் கொடுத்தது.

மதுரைச் சீமையில் ஜனங்கள் இதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். கைரேகை பதிய வேண்டும். வெளியூர் போவதானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பொழுது சாய்ந்தால் ஆண்கள் சாவடியில் போய்ப் படுக்க வேண்டும். புதிதாகக் கல்யாணமானவனுக்கும் விலக்கு இல்லை.

இந்த ஜனங்கள் எங்கிருந்து வந்தார்கள்? குறவர்கள் கழுதை மேல் உப்பு மூட்டை ஏற்றி ஊர் ஊராய் வியாபாரம் செய்தவர்கள். உப்பைச் சர்க்கார் தன் கைக்குள் கொண்டுவந்தது, ரயில் வந்தது, அந்தப் பிழைப்பு போயிற்று. பிரமலைக் கள்ளர்கள் ஊர்க்காவல் செய்து கூலி வாங்கியவர்கள். அந்தக் காவலில் மிரட்டல் இருக்கவில்லையா? இருந்தது, மறைக்க வேண்டாம். ஆனால் காவலை ஒழித்த சர்க்கார் மாற்றாக நிலம் கொடுத்ததா, தண்ணீர் கொடுத்ததா? பிழைப்பைப் பறித்துவிட்டுப் பிறகு திருடன் என்று பெயர் எழுதினார்கள்.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூர். ரேகை பதிய முடியாது என்று ஊரே மறுத்து நின்றது. போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். குண்டடி பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் அவள் என்று இன்றும் ஊர் சொல்லும். அக்காலத்தில் அந்த மக்களுக்காக வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவரும் இச்சட்டத்தை எதிர்த்து இயக்கம் நடத்தினார்.

சென்னை மாகாணத்தில் 1947-லும், இந்தியா முழுவதும் 1952 ஆகஸ்டு 31-லும் இச்சட்டம் ஒழிந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1948-லேயே சென்னை சர்க்கார் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. பழைய பட்டியலில் இருந்தவர்களுக்குச் சீர்மரபினர் என்று புதுப்பெயர் வந்தது. பெயர் மாறியதே தவிர போலீஸ் நிலையத்தின் பார்வை மாறவில்லை.

1993-ல் விருத்தாசலம் பக்கத்தில் ஒரு குறவர் தொழிலாளி திருட்டுக் கேஸில் பிடிபட்டு, காவலில் அடிபட்டு மாண்டார். தப்பியோடிவிட்டான் என்றது போலீஸ். அவரது மனைவி தோழர்களின் துணையோடு ஹைகோர்ட்டு ஏறினார். 13 ஆண்டுகள் கழித்து, 2006-ல் போலீஸ்காரர்களுக்கு ஆயுள் தண்டனை என்று ஹைகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 1998-ல் மேற்கு வங்கத்துப் புருலியாவில் சபர் இனத்து இளைஞர் ஒருவர் இதேபோலப் போலீஸ் காவலில் மாண்டார். எழுத்தாளர் மகாசுவேதா தேவி முன்னின்று கோர்ட்டுக்குப் போனார். நஷ்டஈடு கொடுக்கக் கல்கத்தா ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. அப்போது அங்கே ஆட்சியில் இருந்தது இடது முன்னணி. ஆட்சி நம் கைக்கு வந்தால் மட்டும் போலீஸ் நிலையத்தில் நூறாண்டுப் பழக்கம் மாறிவிடாது. நம் மூளையிலும் மாறிவிடாது. ஏரிக்கரையைக் கை காட்டிய நம் தோழரே அதற்குச் சாட்சி.

2024 அக்டோபர் 3-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புக் கூறியது. சிறை விதிப் புத்தகங்களில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பாவிக்கும் விதிகளும் செல்லாது என்றது. சட்டம் ஒழிந்து 72 ஆண்டுகள் கழித்தும் அந்த எழுத்துப் புத்தகத்தில் இருந்தது என்றால், மனத்தில் எவ்வளவு ஆழத்தில் இருக்கும்!

ஆகவே, தோழர்களே, கிளைகள் செய்ய வேண்டியது என்ன? களவு நடந்தால் "யார் சாதி?" என்ற பேச்சுக்கு முன்னால் "என்ன சாட்சி?" என்று கேளுங்கள். யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் அன்றைக்கே நிலையத்துக்குப் போங்கள். கைது செய்ததற்குக் குறிப்பு எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இது சலுகை இல்லை, சட்டம். அதைக் கேட்கக் கூச்சம் வேண்டாம்.

அதோடு ஏரிக்கரைக்குச் சும்மாவும் போங்கள். ஜீப் வரும் நாளில் மட்டும் போனால் போதாது. பட்டா இருக்கிறதா, ரேஷன் கார்டு இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று விசாரியுங்கள்.

அந்தக் கிளைத் தோழரைப் பற்றிச் சொன்னோமே, அவர் போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தார். பிடிபட்ட மூவரில் ஒருவனுடைய தாய் அவரைப் பார்த்து, "நீயும்தானேப்பா எங்களைச் சொன்னே?" என்று கேட்டாள். அவர் தலை குனிந்து நின்றார். பிறகு, "ஆமாம்மா, தப்புத்தான்" என்றார். அந்தத் தாய் அவருக்கு உட்கார இடம் காட்டினாள். நாம் ஒவ்வொருவரும் அந்த ஏரிக்கரைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.